குருதி கடந்த குடும்பம்

நுழையும்முன்

ஒரு வீட்டில் யார் யார் சேர்ந்து வாழ்கின்றனர் என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது. பாட்டன், பாட்டி, பெற்றோர், சிற்றப்பன், மக்கள் எனப் பலர் ஓருலையில் உண்ட கூட்டுக்குடும்பத்தை நாம் அறிவோம். பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே வாழும் தனிக்குடும்பத்தையும் அறிவோம். இவ்விரண்டிலும் அடங்காத இல்லம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. ஆசிரியரின் குடும்பமும் அவரிடம் பயின்ற மாணவர்களும் கூடி வாழ்ந்த இல்லம் அது. அத்தகைய இல்லத்தை வாழ்நாள் முழுதும் நடத்தியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனார். அவரது வாழ்க்கை வழியாக அந்த இல்லத்தின் இயல்பையும், அதற்குக் கொடுத்த விலையையும், அது மறைந்த விதத்தையும் இப்பாடம் காட்டுகிறது.

ஊர் தந்த வீடு

மதுரைக் கோயிலில் பணிபுரிந்து வந்தவர் சிதம்பரம் பிள்ளை. அப்பணியை விட்டு அவர் தம் மனைவி அன்னத்தாச்சியுடன் திருச்சிராப்பள்ளிப் பகுதிக்கு வந்தார். சொந்த ஊரையும் சுற்றத்தையும் பிரிந்து வந்த அக்குடும்பத்திற்கு நிலமோ வீடோ இல்லை. இருந்தது கல்வி ஒன்றே. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே உள்ள எண்ணெயூர், அதவத்தூர், சோமரசம்பேட்டை ஆகிய சிற்றூர்களின் மக்கள் அக்கல்வியை மதித்தனர். தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஒருவர் கிடைத்தார் என மகிழ்ந்து, அவர் தங்குவதற்கு இடமும் வாழ்வதற்கு வழியும் அளித்தனர். வீட்டுத் திண்ணையே பள்ளியாக அமைந்தது. ஆசிரியர் குடும்பத்தின் உலைக்கு வேண்டிய தவசம் ஊராரின் களத்திலிருந்து வந்தது.

இச்சூழலில் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மீனாட்சிசுந்தரனார் பிறந்தார். விட்டுவந்த மதுரையின் நினைவு மகனின் பெயரில் நிலைத்தது. தந்தையே அவருக்கு முதல் ஆசிரியர். நிகண்டும் சிற்றிலக்கியங்களும் இலக்கணமும் வீட்டிலேயே அவருக்குக் கிடைத்தன. வீடு என்பது கற்கும் இடமும் கற்பிக்கும் இடமும் ஆகும் என்பதை அவர் குழந்தைப் பருவத்திலேயே கண்டு வளர்ந்தார்.

பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தார். தாயைக் காக்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. காவேரியாச்சி என்னும் நங்கை அவருக்கு வாழ்க்கைத் துணையானார். இளம் வயதிலேயே ஒரு குடும்பத்தின் தலைவரான அவருக்குப் பொருள் தேடுவது முதற்கடமையாகத் தோன்றியிருக்கக் கூடும். ஆயினும் அவர் மேலும் கற்பதையே நாடினார். சோமரசம்பேட்டையிலிருந்து குடும்பத்துடன் திருச்சிராப்பள்ளி நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பல வாயில்களில் பயின்ற கல்வி

மலைக்கோட்டையைச் சூழ்ந்த வீதிகளிலும் உறையூரிலும் அக்காலத்தில் தமிழறிஞர் பலர் வாழ்ந்தனர். அவர்களுக்கெனப் பொதுவான கல்விக்கூடம் ஏதும் இல்லை. ஒருவரிடம் ஓர் இலக்கண நூல் இருக்கும். மற்றொருவரிடம் ஒரு காப்பியம் இருக்கும். அச்சு நூல்கள் அரிதாக இருந்த காலமாதலால் ஏட்டுச்சுவடியும் அதனைக் கற்றவருமே கல்வியின் இருப்பிடமாக விளங்கினர். கற்க விரும்புவோர் அவர்தம் இல்லங்களை நாடிச் செல்ல வேண்டும். முத்துவீரியம் என்னும் இலக்கண நூலை இயற்றிய உறையூர் முத்துவீரர் முதலிய பலரிடம் மீனாட்சிசுந்தரனார் அவ்வாறு சென்று பயின்றார்.

தண்டியலங்காரத்தை அவர் கற்ற விதம் நினைவில் நிற்பது. அந்நூலை நன்கு கற்ற ஒருவர் இரந்துண்ணும் பரதேசியாகத் திருச்சிராப்பள்ளியில் திரிந்து வந்தார். அவருக்கு வீடு இல்லை. எவருக்கும் பாடம் சொல்லும் விருப்பமும் இல்லை. மீனாட்சிசுந்தரனார் அவர் விரும்பிய பொருள்களை வாங்கிக் கொடுத்தும், அவர் வீதிதோறும் பிச்சைக்குச் செல்லும்போது உடன் நடந்தும், மனம் இசைந்த வேளைகளில் பாடம் கேட்டார். ஓர் ஆசிரியருக்கு உணவும் உறைவிடமும் இல்லாத நிலையில் அவர் கற்ற நூல் யாருக்கும் பயன்படாமல் போய்விடும் என்பதை இவ்வனுபவம் அவருக்கு உணர்த்தியிருக்கும். பின்னாளில் அவர் தம் வீட்டு வாயிலைக் கற்போர் அனைவருக்கும் திறந்து வைத்தார்.

சென்னைக்குச் சென்று அங்கிருந்த புலவர்களிடமும், திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்த அறிஞர்களிடமும் அவர் பாடம் கேட்டார். ஓரிடத்தில் கிடைக்காததை வேறிடத்தில் தேடி, பல இல்லங்களில் சிதறிக் கிடந்த கல்வியை ஒருவராகவே திரட்டிக்கொண்டார். பின்னர் அக்கல்வி முழுவதும் ஒரே வீட்டில் கிடைக்கும் நிலை உண்டாயிற்று. அந்த வீடு அவருடையது.

மலைக்கோட்டை அடியில் ஓர் இல்லம்

திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த காலத்திலேயே அவரை நாடி மாணவர் வரத் தொடங்கினர். காவிரியின் இருகரையிலும் உள்ள ஊர்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் அவர்கள் வந்தனர். பூவாளூர்த் தியாகராசச் செட்டியார் அவர்களுள் முதன்மையானவர். அவரே பிற்காலத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர்.

திருச்சிராப்பள்ளியின் தலங்களும் அவர் பாடல்களில் இடம்பெற்றன. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவில், அரங்கநாதர் கோயிலுக்குக் கிழக்கே அமைந்தது திருவானைக்கா. அங்கு உறையும் இறைவி மீது அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடினார். உறையூருக்குத் தலபுராணம் இயற்றினார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களும் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் எனப் பல சிற்றிலக்கியங்களும் அவரால் இயற்றப்பட்டன. அவர் ஓய்வின்றிச் செய்யுள் சொல்லிவர, மாணவர்கள் அதனை ஏட்டில் எழுதினர். எழுதும்போதே அவர்கள் யாப்பையும் சொல்லாட்சியையும் கற்றனர். ஆதலால் அவ்வீட்டில் ஆசிரியரின் தொழிலும் மாணவரின் பாடமும் வெவ்வேறாக இல்லை.

மாணவரிடம் அவர் கட்டணம் பெறவில்லை. வறியவருக்கு உணவளித்தார், உடையும் அளித்தார், ஏடுகளைத் தந்தார். அதற்கீடாக மாணவர்கள் வீட்டுப் பணிகளில் தோள் கொடுத்தனர். கடைக்குச் செல்வதும் சுவடிகளைப் படியெடுப்பதும் வந்தோரை வரவேற்பதும் அவர்கள் பணிகளாயின. மகன் ஒருவன் தன் வீட்டில் எவ்வாறு இயங்குவானோ அவ்வாறே அவர்கள் அங்கு இயங்கினர்.

மாயூரத்து வீடு

திருவாவடுதுறை ஆதீனத்தின் அழைப்பை ஏற்று, 1860ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரனார் மாயூரத்தில் குடியேறினார். ஆதீனம் அவரைத் தன் புலவராக ஏற்று மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்தது. அக்காலத்தில் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவரும் மீனாட்சிசுந்தரனாரும் நெருங்கிய நண்பராயினர். அவர்மீது மீனாட்சிசுந்தரனார் குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார்.

மாயூரத்து வீட்டில் மாணவர் கூட்டம் மேலும் பெருகியது. சைவரான அவரிடம் நாகூரைச் சேர்ந்த இசுலாமியரான குலாம்காதிறு நாவலர் பயின்றார். கிறித்தவரான சவேரிநாதர் அவருடனேயே தங்கி, பாடம் கேட்டும் பணிவிடை செய்தும் வாழ்ந்தார். சமயமும் சாதியும் மனிதரை வெவ்வேறு தெருக்களில் பிரித்து வைத்திருந்த காலம் அது. அவ்வீடும் காலத்தின் வழக்கங்களிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. அந்தண மாணவர்கள் பாடம் கேட்பது அவ்வீட்டில். உண்பது தம் இனத்தார் இல்லங்களில். உணவு வேளையில் பிரிந்தவர்கள் பாட வேளையில் ஒரே பாயில் அமர்ந்தனர். அன்றைய சமூகம் வகுத்திருந்த எல்லைக்குள் ஓர் ஆசிரியர் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதற்கு அப்பாய் சான்றாகும்.

1871ஆம் ஆண்டில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த பதினாறு வயது இளைஞர் ஒருவர் தந்தையுடன் அவ்வீட்டு வாயிலை அடைந்தார். வேங்கடராமன் என்பது அவர் பெயர். ஆசிரியர் அவரை வேறு பெயரால் அழைக்க விரும்பி, அவருக்கு வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே தேர்ந்தார். பெயரிடுதல் பெற்றோர்க்குரிய உரிமை. அவ்வுரிமையை ஆசிரியருக்கும் அளித்தது அக்காலக் குடும்ப மரபு. ஆசிரியர் தேர்ந்த அப்பெயரே பின்னாளில் சங்க இலக்கியப் பதிப்புகளின் முகப்பில் உ.வே. சாமிநாதர் என நிலைபெற்றது.

மாயூரத்து வீட்டின் பின்புறம் தோட்டம் ஒன்று இருந்தது. வேறிடங்களில் வளர்ந்த மரங்களைக் கொணர்ந்து அங்கு நடச் செய்த மீனாட்சிசுந்தரனார், அவை தளிர்த்தனவா என நாள்தோறும் காலையில் சென்று பார்ப்பார். இதனை அறிந்த சாமிநாதர் அவருக்கு முன்னரே எழுந்து, மரங்களில் புதுத்தளிர் தோன்றிய இடங்களைத் தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் காட்டுவார். ஆசிரியரின் முகம் மலரும். அதிகம் பேசாத ஆசிரியரின் அன்பைப் பெறுவதற்கு இளம் மாணவர் கண்ட வழி அது. வேறு மண்ணிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த மரங்கள் அத்தோட்டத்தில் வேர்விட்டன. வேறு வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அவ்வாறே அவ்வீட்டில் வேர்விட்டனர்.

அடுப்பங்கரையின் சுமை

இத்தகைய குடும்பத்தைப் பேணுதல் எளிதன்று. மீனாட்சிசுந்தரனாருக்கு நிலையான மாத வருவாய் இல்லை. புராணம் பாடி அரங்கேற்றும்போது ஊரார் வழங்கும் பரிசும், செல்வர் அளிக்கும் கொடையும், ஆதீனத்தின் உதவியுமே அவருக்கு வருவாய். அவை வரும்போது பெருகும். வராதபோது வீட்டில் அன்றாடத் தேவைக்கும் முடை ஏற்படும். கையில் பொருள் இருந்தபோது அதனை நாளைக்கென வைத்துக்கொள்ளும் இயல்பும் அவரிடம் இல்லை. மகன் சிதம்பரம் பிள்ளையின் திருமணம் போன்ற செலவுகள் கடனைக் கூட்டின. தமிழகம் முழுவதும் புகழ்பெற்ற புலவர் கடன்காரருக்கு விடை சொல்ல வேண்டியவராகவும் இருந்தார்.

இவ்விடத்தில் காவேரியாச்சியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மீனாட்சிசுந்தரனாரின் மாணவர் பெயர்களை இலக்கிய வரலாறு நிரல்படக் கூறுகிறது. அம்மாணவர்களுக்கு உணவு சமைத்த அடுப்பங்கரை பற்றி மிகுதியாக எதுவும் கூறவில்லை. எத்தனை பேர் உண்ண வருவர் என்பது முன்கூட்டித் தெரியாத வீடு அது. வருவாய் எப்போது வரும் என்பதும் தெரியாது. ஆயினும் உலை ஏற்றப்பட்டது. கணவரின் கொடைமையாகப் புகழப்பட்ட ஒவ்வொன்றிற்கும் பின்னால் மனைவியின் உழைப்பு இருந்தது. கூடி வாழும் குடும்பங்களின் சிறப்பைப் பேசும்போது, அக்கூட்டைத் தாங்கிய பெண்களின் சுமையையும் சேர்த்துப் பேசுவதே முறையாகும்.

மீனாட்சிசுந்தரனாரும் அச்சுமையை அறியாதவர் அல்லர். வறுமை மிகுந்த காலத்தில் மாணவர்களை அனுப்பிவிடுதல் அவருக்கு எளிய வழியாக இருந்திருக்கும். அவ்வழியை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. திருவாவடுதுறைக்கும் பட்டீச்சுரத்திற்கும் பிற ஊர்களுக்கும் அவர் சென்றபோது மாணவர்களும் உடன் சென்றனர். அவர் தங்கிய இடமே அக்குடும்பத்தின் வீடாயிற்று. மாணவர் உண்டனரா என்பதை அறிந்துகொள்வது தமக்குரிய கடமை என அவர் கருதினார்.

இறுதி நாள்

முதுமையும் நோயும் அவரைத் தளர்த்தின. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் வாழ்வு நிறைவுற்றது. அவ்விறுதி வேளையில் அவர் சவேரிநாதரின் மார்பில் சாய்ந்திருந்தார். ஆசிரியரின் விருப்பப்படி திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைச் சாமிநாதர் ஓதினார். சைவப் புலவரைத் தாங்கியிருந்தவர் கிறித்தவ மாணவர்; திருமுறை ஓதியவர் அந்தண மாணவர். உடற்பிறப்பால் அவருக்கு மகன் ஒருவரே. எனினும் அவரது படுக்கையைச் சூழ்ந்து நின்று தந்தையை இழந்தவர்களாகக் கலங்கியோர் பலர்.

பெரும்பொருள் எதனையும் அவர் விட்டுச் செல்லவில்லை. தமிழ் வளர்த்த அவ்வீடு தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலிமையற்றே இருந்தது. ஒருவரின் அன்பையும் சிலரின் கொடையையும் மட்டுமே நம்பி நிற்கும் அமைப்பு, அவ்வொருவர் மறைந்தவுடன் தளர்ந்துவிடும் என்பதை அவருடைய மறைவு காட்டியது.

மாறிய காலம்

மீனாட்சிசுந்தரனார் வாழ்ந்த காலத்திலேயே வேறொரு கல்வி முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கும்பகோணத்தில் அரசினர் கல்லூரி வளர்ந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி, அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப்பின் 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. அவர் வாழ்ந்த மலைக்கோட்டைப் பகுதியிலேயே வகுப்பறையும் தேர்வும் பட்டமும் கொண்ட கல்வி நிலைபெற்றது.

இம்மாற்றத்தால் வீடும் மாறியது. ஆசிரியர் மாதச் சம்பளம் பெற்றார். அவரது குடும்பம் கொடையை எதிர்நோக்கும் நிலை நீங்கியது. மாணவர் கட்டணம் செலுத்தினர். தொலைவிலிருந்து வந்தோர் விடுதிகளில் தங்கினர். பள்ளி ஓரிடம், வீடு ஓரிடம் எனப் பிரிந்தன. ஆசிரியரின் மனைவி கணக்கற்றோருக்கு உலை வைக்கும் சுமையிலிருந்து விடுபட்டார். ஆசிரியர் ஒருவரின் அருளை மட்டுமே நம்பாமல், விதிகளின்படி பலரும் கல்வி பெறும் வாய்ப்பு மெல்ல விரிந்தது. இவை பெரும் நன்மைகள். ஆனால் மாணவர் உண்டனரா என்று இரவில் கேட்கும் குரல் அப்புதிய அமைப்பில் எவருக்கும் கடமையாக வகுக்கப்படவில்லை.

மீனாட்சிசுந்தரனாரின் இல்லத்தில் வளர்ந்தவர்களே இவ்விரு காலங்களுக்கும் பாலமாயினர். கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராசச் செட்டியார், 1880ஆம் ஆண்டில் அப்பணிக்குச் சாமிநாதரைப் பரிந்துரைத்தார். மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் சாமிநாதர் பணியேற்றார். கல்லூரி தந்த பணி அது. எனினும் அதனைப் பெற்றுத் தந்தது ஆசிரியர் இல்லத்தில் பிறந்த உறவு. மூத்த மாணவர் இளைய மாணவருக்குத் தமையனின் கடமையைச் செய்தார்.

அழியாத உறவு

அந்த உறவைச் சாமிநாதர் மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். தம் ஆசிரியரின் சிற்றிலக்கியங்களைத் திரட்டி 1910ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1933, 1934ஆம் ஆண்டுகளில், அவரது வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அப்போது சாமிநாதர் எண்பது வயதை நெருங்கியிருந்தார். தந்தையின் பெயரை நிலைநிறுத்துதல் மகனின் கடமை என்பர். அக்கடமையை மாணவர் நிறைவேற்றினார்.

இன்று மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து நோக்குவோர்க்குக் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத்தின் கோபுரங்களும், இடையே நெருங்கி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தெரியும். அக்குடியிருப்புகளுள் பலவற்றில் இருவரோ மூவரோ நால்வரோ வாழ்கின்றனர். பிள்ளைகள் தொலைநகரங்களில் பணிபுரிய, முதியோர் தனித்து வாழும் வீடுகளும் உள்ளன. கல்விக்காக ஊரை விட்டு வந்த மாணவர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். இவ்வமைப்புகளுக்கு அவற்றிற்குரிய காரணங்கள் உண்டு. பழைய இல்லத்தை அப்படியே மீட்டெடுத்தல் இயலாது. அதன் கடனையும் பிரிவினையையும் பெண்களின் சுமையையும் மீட்டெடுக்க எவரும் விரும்பார்.

ஆயினும் அவ்வில்லம் விட்டுச் சென்ற வினா இன்றும் நம்முன் நிற்கிறது. அடுத்த அறையில் தங்கியிருக்கும் மாணவர் உண்டாரா, அடுத்த வீட்டில் தனித்திருக்கும் முதியவர் நலமாக உள்ளாரா என்று கேட்பவர் யார்? அக்கேள்வியைக் கேட்கும் ஒவ்வொருவரும் மீனாட்சிசுந்தரனாரின் குடும்பத்தைச் சேர்ந்தவரே.